எலிக்குக் குணமானால் நமக்கும் குணமாகுமா? நாள்பட்ட புராஸ்டேட் அழற்சியும் சீன மூலிகை ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அதனால் "சீன மூலிகையில் புராஸ்டேட் அழற்சி குணமாகுதாமே, ஆய்வே வந்திருக்கே" என்று கேட்டு அடிக்கடி போன் வரும். கேட்பவர்களில் நிறையப் பேர் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். மாதக்கணக்கில் அடிவயிற்று வலியை வீட்டில்கூடச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

புராஸ்டேட் அழற்சின்னா, வயசானவங்களுக்குப் புராஸ்டேட் பெருசாகுமே, அதுதானே?

அது வேறு, இது வேறு. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. வயதாக ஆக அது பெருத்து சிறுநீர்ப் பாதையை நெருக்குவது ஒரு நோய். அழற்சி என்பது அந்தச் சுரப்பியிலோ அதைச் சுற்றியோ எரிச்சலும் வலியும் நீடிப்பது. இது இளம் வயதிலேயே வரும். விரைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் வலி, சிறுநீர் போகும்போது கடுப்பு, விந்து வெளியேறும்போது வலி என்று பல விதமாகச் சொல்வார்கள்.

யூரின் கல்ச்சர்ல கிருமியே இல்லைன்னு வந்துடுச்சு. அப்புறம் எப்படி அழற்சி?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995-இல் நிபுணர்களைக் கூட்டி இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் வகை கிருமியால் திடீரென்று வருவது. இரண்டாவது கிருமியால் நாள்பட்டு இருப்பது. மூன்றாவது, கிருமி எதுவும் அகப்படாமல் இடுப்புப் பகுதியில் வலி நீடிப்பது. நான்காவது, தொந்தரவே தெரியாமல் வேறு ஏதோ பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் மூன்றாம் வகை. அதனால்தான் உங்கள் கல்ச்சர் சுத்தமாக வந்திருக்கிறது.

மூன்றாம் வகைக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவது, நரம்புகள் தேவைக்கு மேல் வலியை உணர்வது, இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போவது, மனஅழுத்தம் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் கலந்திருக்கும். வலி, சிறுநீர்த் தொந்தரவு, அன்றாட வாழ்க்கை மூன்றையும் கேட்டு 0 முதல் 43 வரை மதிப்பெண் போடும் ஒரு கேள்வித்தாள் உண்டு. மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகள் அந்த மதிப்பெண்ணை வைத்தே பேசும். கீழே இந்த மதிப்பெண் மறுபடி வரும்.

சீன வைத்தியத்துல இதை எப்படிப் பார்க்கிறாங்க?

பழைய சீன நூல்களில் புராஸ்டேட் என்ற உறுப்பே கிடையாது. நம் ஊரில் 'சூடு பிடிச்சிருக்கு, நீர்க்கடுப்பு' என்று அறிகுறியை வைத்துச் சொல்வது போல, அவர்களும் விந்து கலங்குதல், சொட்டு மூத்திரம் என்ற பெயர்களில் சொன்னார்கள். இன்றைய சீன மருத்துவர்கள் அதை முக்கியமாக இரண்டு நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். 'ஈரச்சூடு' உடம்பின் கீழ்ப்பகுதிக்கு இறங்குவது ஒன்று. அதுவே நாள்பட்டால் ஓட்டம் தடைப்பட்டு 'இரத்தத் தேக்கம்' ஆவது இன்னொன்று. சிறுநீரகச் சக்தி குறைவு என்று மூன்றாவதையும் சேர்ப்பார்கள்.

நிலைக்கு ஏற்ப மருந்து மாறும். ஈரச்சூட்டுக்குச் சோங் அரச வம்சக் காலத்து மருந்துநூலில் உள்ள 'பா ஜெங் சான்' என்ற சிறுநீர்க்கடுப்பு மருந்து. தேக்கத்துக்கு 'குய் ஜி ஃபூ லிங்' மாத்திரை. இந்த இரண்டாவது, ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர், வயிற்றில் கட்டி உள்ள பெண்களுக்காகச் சொன்னது. இலவங்க மரத்தின் இளங்குச்சி, பீச் பழக் கொட்டையின் பருப்பு, இரண்டு வகைப் பியோனிச் செடிகள், பைன் வேரில் வளரும் ஒரு காளான் என்று ஐந்தே சரக்குகள். நோய் வேறானாலும் உள்நிலை ஒன்றானால் மருந்தும் ஒன்றுதான் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கணக்கில்தான் பெண்களுக்கான மருந்து ஆண்களின் புராஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தது.

எலிக்கு இந்த நோயை எப்படி வரவழைக்கிறாங்க?

வயதான சில எலி இனங்களுக்குத் தானாகவும் புராஸ்டேட் அழற்சி வரும். ஆனால் ஆய்வுக்கு அதற்காகக் காத்திருக்க முடியாது என்பதால் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆய்வு எந்த வழியில் நடந்தது என்று தெரிந்தால், அந்த ஆய்வை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

ஒரு வழி, கராஜீனன் என்ற கடற்பாசிச் சத்தைச் சுரப்பிக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பதும், ராமநாதபுரம் மண்டபம் கரையில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுப்பதும் இதே சத்துதான். சுரப்பி உடனே சிவந்து வீங்கும், செய்வதும் சுலபம். ஆனால் இது முள் குத்திய காயம் மாதிரி, வெளியிலிருந்து வந்த எரிச்சல். இரண்டாவது வழி, எலியின் விரைகளை நீக்கிவிட்டு ஈஸ்ட்ரோஜன் ஊசி போடுவது. ஆண் ஹார்மோன் போய்ப் பெண் ஹார்மோன் ஏறியதும் சுரப்பியில் வெள்ளணுக்கள் குவியும். நம் நோயாளி யாருக்கும் விரை நீக்கியிருக்காது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

மூன்றாவது வழியைத்தான் நான் மதிக்கிறேன். வேறு எலிகளின் புராஸ்டேட்டை அரைத்து, செத்த காசநோய்க் கிருமிகள் கலந்த எண்ணெயோடு குழைத்து, தோலுக்கடியில் ஊசி போடுவார்கள். கிருமித் துணுக்கைக் கண்டு உஷாராகும் எதிர்ப்புச் சக்தி, கூடவே இருக்கும் புராஸ்டேட் புரதத்தையும் எதிரியாகக் குறித்துக்கொண்டு, எலியின் சொந்தச் சுரப்பியைத் தாக்கத் தொடங்கும். மூன்றாம் வகை நோயில் எதிர்ப்புச் சக்தியின் பங்குக்கு இதுதான் கிட்டத்தட்டப் பொருந்தும். இவை போக, நோயாளியிடமிருந்து எடுத்த ஈ கோலை கிருமியைச் சுண்டெலியின் சிறுநீர்க் குழாய்க்குள் விட்டுச் செய்யும் வழியும் உண்டு.

'ஈரச்சூடு' எலின்னு ஒரு கட்டுரைல படிச்சேன். எலிக்கு ஈரச்சூடா?

சீன ஆய்வாளர்கள் சிலர், நோய் மட்டும் இருந்தால் போதாது, தங்கள் மருத்துவம் சொல்லும் நிலையும் எலிக்கு வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்காகக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி போட்டு, சாராயமும் கொடுத்து, வெக்கையும் ஈரமும் உள்ள அறையில் எலிகளை வைக்கிறார்கள். அப்புறம் மேலே சொன்ன வழிகளில் ஒன்றால் அழற்சியை உண்டாக்குகிறார்கள்.

தங்கள் மருத்துவத்தை அதன் சொந்தக் கணக்கிலேயே சோதிக்க வேண்டும் என்ற அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் சீன மருத்துவர் நாக்கைப் பார்ப்பார், நாடி பிடிப்பார், தாகம் எடுக்கிறதா, தூக்கம் எப்படி என்று கேட்பார். எலியிடம் இதில் முக்கால்வாசி நடக்காது. கொழுப்பும் சாராயமும் கொடுத்த எலிக்கு ஈரல் கெடும் என்பது நிச்சயம். அதை ஈரச்சூடு என்று பெயர் சூட்டுவது ஆய்வாளரின் முடிவு.

எலிக்கு வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கம்பி வலை போட்ட மேடையில் சுண்டெலியை விட்டு, அது அங்குமிங்கும் மோந்து பார்த்து அடங்கும் வரை காத்திருப்போம். பிறகு வலைக்குக் கீழிருந்து நைலான் இழையால் அதன் அடிவயிற்றை மெல்லத் தொடுவோம். இழைகள் பல தடிமனில் இருக்கும். வளையும் முன் ஒவ்வொன்றும் தரும் அழுத்தம் அளந்து வைத்தது: 0.04 கிராம், 0.16, 0.4, 1, 4 கிராம். ஒவ்வோர் இழையாலும் பத்துத் தடவை. சுண்டெலி வயிற்றைச் சட்டென்று உள்ளிழுத்தாலோ, துள்ளினாலோ, தொட்ட இடத்தை உடனே நக்கினாலோ ஒரு மதிப்பெண். நல்ல எலி மெல்லிய இழையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அழற்சி உள்ள எலிக்கு அந்த மெல்லிய தொடுதலே வலி.

இதைச் செய்யப் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். அதனால் பல மூலிகை ஆய்வுகள் இதைச் செய்யாமலே விட்டுவிடுகின்றன. எலியைக் கொன்று சுரப்பியை எடுத்து எடை போடுவார்கள், மெல்லிய சீவலாக வெட்டி சாயமேற்றி வெள்ளணுக்களைப் பார்ப்பார்கள், அழற்சிப் புரதங்களை அளப்பார்கள். எல்லாம் நல்ல அளவைகள்தான். ஆனால் நம் நோயாளி மருத்துவரிடம் போவது வலிக்காக. சுரப்பியில் வெள்ளணு குறைந்தவருக்கெல்லாம் வலி குறைவதில்லை. வெள்ளணுவே இல்லாமல் வலியால் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது வலியை அளந்தார்களா என்பதை.

எலியோட புராஸ்டேட்டும் நம்மளோடதும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. நம்முடையது ஒரே உருண்டை. எலிக்கு அது தனித்தனி மடல்களாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் முன்பக்கக் கீழ்மடலுக்கு மனிதனில் நேர் இணை கிடையாது. புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மனிதருக்குப் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்கிறோமே, அந்தப் புரதமே எலிக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. மனித அழற்சியில் அடிக்கடி அளப்பது இன்டர்லூக்கின்-8 என்ற புரதம். எலிக்கும் சுண்டெலிக்கும் அதன் மரபணுவே கிடையாது, வேறு உறவுக்காரப் புரதங்கள்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. அப்படியிருக்க, "மூலிகை கொடுத்ததும் எலியில் இன்டர்லூக்கின்-8 குறைந்தது" என்று எழுதிய கட்டுரைகளும் வருகின்றன. எந்தப் புரதத்தைத்தான் அளந்தீர்கள் என்று அந்த ஆய்வாளரிடம் கேட்க வேண்டும்.

எலிக்கு எவ்வளவு கொடுத்தாங்களோ அதை என் எடைக்குக் கணக்குப் போட்டா சரிதானே?

சரியல்ல. ஒரு ஆய்வில் எலியின் எடையில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் சாறு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். நேராகப் பெருக்கினால் 60 கிலோ ஆளுக்கு 30 கிராம் வரும். ஆனால் சிறிய உயிரினம் மருந்தை வேகமாக எரித்து வெளியேற்றிவிடும். அதனால் உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். எலியின் அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலியின் அளவை 12.3-ஆல். எலிக்கணக்கில் 500 என்பது 80 மில்லிகிராமாகி, 60 கிலோவுக்கு 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாக வரும். முதல்முறை மனிதரில் சோதிப்பதற்கு எந்த அளவில் தொடங்கலாம் என்று திட்டமிட ஆய்வாளர்கள் போடும் கணக்கு இது. வீட்டில் சாப்பிடுவதற்கு இதை எடுக்காதீர்கள்.

கொடுக்கும் விதமும் நம்முடையது மாதிரி இல்லை. எலியின் கழுத்தைப் பின்னிருந்து பிடித்து, நுனி உருண்டையான வளைந்த குழாயை வாய் வழியாக வயிறு வரை இறக்கி, 250 கிராம் எலிக்கு 2.5 மில்லி அளவில் விடுவோம். அந்தப் பிடியிலேயே எலியின் நெஞ்சு படபடப்பது விரலில் தெரியும். தினமும் இப்படிப் பிடிபடுவதே எலிக்கு ஒரு அழுத்தம். அதனால் மருந்து கொடுக்காத எலிக்கும் அதே குழாயில் வெறும் தண்ணீர் விட வேண்டும். விடவில்லை என்றால் அந்த ஒப்பீடு செல்லாது.

எல்லா ஆய்வுலயும் 'மூலிகை வேலை செய்தது'ன்னே வருதே, அப்போ உண்மைதானே?

எல்லாவற்றிலும் அப்படியே வருவதுதான் எனக்குக் கவலை. வேலை செய்யாத மருந்தைப் பற்றிய ஆய்வு அச்சில் வருவது அபூர்வம். 1998-இல் சில ஆய்வாளர்கள் நாடுவாரியாக எண்ணிப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்த குத்தூசி (அக்குபங்சர்) மருத்துவச் சோதனைகள் அத்தனையும் வெற்றி என்றே முடிந்திருந்தன. எந்த நல்ல சிகிச்சைக்கும் அப்படி வராது. மற்ற நாட்டு மருந்துக் கம்பெனிகளிடமும் தோல்வியை மறைக்கும் பழக்கம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூண்டு பிரிக்கும்போது பார்வைக்குத் துடிப்பான எலி மருந்துக் கூட்டத்துக்குப் போய்விடுவது சர்வ சாதாரணம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகச் சுலபமாகப் பிடிபடும் எலியைத்தான் முதலில் எடுக்கும். அதனால்தான் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும், சீவலைப் பார்ப்பவருக்கு எது எந்தக் கூட்டம் என்று தெரியக் கூடாது. இதையெல்லாம் கட்டுரையில் கட்டாயம் எழுத வேண்டும் என்று 'அரைவ்' என்ற வழிகாட்டு நெறிகள் 2010-இலேயே வந்துவிட்டன. எழுதாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன.

கஷாயத்துல பத்து மூலிகை இருக்கு. இதுல எது வேலை செய்யுது?

பலருக்கும் தெரியாது, அதைத் தேடித்தான் இப்போது கணினி ஆய்வுகள் குவிகின்றன. மூலிகையில் உள்ள சேர்மங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அவை உடலில் எந்தப் புரதங்களோடு சேரும் என்று கணித்து, சிலந்திவலை மாதிரி படம் போடுவார்கள். முடிவில் பெரும்பாலும் குவெர்செடின் என்ற பெயர் வந்து நிற்கும். காரணம் எளிது. வெங்காயத்திலிருந்து எத்தனையோ செடிகள் வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அந்தப் படத்தை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கஷாயத்தில் அந்தச் சேர்மம் எவ்வளவு இறங்கியது, குடலைத் தாண்டி ரத்தத்துக்கு எவ்வளவு வந்தது என்பது அதில் இருக்காது. ஒரே பெயருள்ள மூலிகை விளைந்த மண்ணையும் பறித்த மாதத்தையும் பொறுத்து மாறும் என்பது நாட்டு மருந்துக்கடையில் சரக்கு வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும்.

மனுஷங்ககிட்ட ஒண்ணுமே பார்க்கலையா?

பார்த்திருக்கிறார்கள். ஆனால் முதலில் ஒரு எண்ணை மனதில் வையுங்கள். 2008-இல் அல்ஃபுசோசின் என்ற ஆங்கில மருந்தை 272 ஆண்களிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 49.3 சதவீதம் பேருக்குத் தேறியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் அதே 49.3 சதவீதம். வெறும் மாத்திரையிலேயே பாதிப் பேர் தேறும் நோய் இது. ஆகவே வெற்று மாத்திரையோடு ஒப்பிடாமல் '70 சதவீதம் பேருக்குக் குணம்' என்று வரும் செய்திக்கு அர்த்தமே இல்லை.

ஒப்பிட்டுச் செய்தவற்றில், 1999-இல் சுமார் 30 பேரிடம் குவெர்செடினைச் சோதித்தார்கள். 67 சதவீதம் பேருக்குப் பலன், வெற்று மாத்திரையில் 20. நல்ல முடிவு, ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. 2009-இல் ஜெர்மனியில் 139 பேரிடம் மகரந்தச் சாறு, 12 வாரம். பலன் 70 சதவீதத்துக்குச் சற்று மேல், வெற்று மருந்தில் 50. அது சீன மருந்தல்ல. ஆனால் சீனாவிலும் கடுகு இனச் செடியின் மகரந்தத்தில் செய்த புராஸ்டேட் மாத்திரை பல காலமாக விற்பனையில் இருக்கிறது. சீன மருத்துவத்தில் நான் நம்பி எடுத்துக்காட்டும் பெரிய சோதனை மூலிகையில் வந்ததல்ல, குத்தூசியில் வந்தது. 2021-இல் சீனாவின் 10 மருத்துவமனைகளில் 440 பேரிடம், எட்டு வாரத்தில் 20 தடவை. மேலே சொன்ன மதிப்பெண் 6 புள்ளியாவது குறைந்தவர்கள் 60.6 சதவீதம், போலிக் குத்தூசியில் 36.8. கூட்டுக் கஷாயங்களுக்கும் இந்த அளவில், இந்தத் தரத்தில் சோதனைகள் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மூலிகைதானே, கெடுதல் என்ன வந்துடப்போகுது?

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். மேலே பா ஜெங் சான் என்று சொன்னேனே, அதில் 'மு தோங்' என்று ஒரு கொடி சேரும். பழைய நூல்கள் சொன்ன செடி வேறு. இருபதாம் நூற்றாண்டில் சந்தையில் அந்தப் பெயரில் வந்தது பெரும்பாலும் அரிஸ்டோலோக்கியா இனத்துக் கொடி. அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். சீன அரசு அந்தக் கொடியை 2003-இல் விலக்கியது. அதற்கு முன்பே பெல்ஜியத்தில், 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர்க் குழப்பத்தால் இதே இனச் செடி கலந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாழானது.

சிறுநீர் உபாதைக்குக் குடித்த மருந்தே சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது. நான்கு வார எலி ஆய்வில் அந்தப் புற்றுநோய் கண்ணில் படவே படாது, அது வெளிப்பட வருஷக்கணக்கு ஆகும். நம் ஊரிலும் இந்தக் குடும்பம் உண்டு. ஈசுவரமூலி என்றும் கருடக்கொடி என்றும் சொல்கிறோமே, அதுவும் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியாதான். இவை தவிர, அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இரத்தத் தேக்கத்துக்குத் தரும் டான்ஷென் வேர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

இவ்வளவு ஓட்டை இருந்தா எலியை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?

எனக்கும் இந்தக் கேள்வி தூக்கத்தில் வந்திருக்கிறது. ஒரு மனிதரின் புராஸ்டேட்டை நோயின் முதல் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று எடுத்துப் பார்க்க முடியாது. எதிர்ப்புச் சக்தி சொந்தச் சுரப்பியைத் தாக்கினால் அதிலிருந்து இடுப்பு வலி பிறக்கும் என்பது சுண்டெலியில்தான் நேரடியாகத் தெரிந்தது. எலி ஆய்வு தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் குலுக்கல் இல்லாமல், வலியை அளக்காமல், நூறாவது கஷாயத்தை நூறாவது தடவை அதே மாதிரி சோதிப்பதற்காக ஒரு எலியும் சாகக் கூடாது. மாற்று வழி இருந்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி என்று 1959-இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் எழுதி வைத்துவிட்டார்கள்.

சரி, எனக்கு இப்போ வலி இருக்கு. ஆன்லைன்ல வர்ற சீன மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். 'ஆண்களுக்கான மூலிகை' என்று வரும் மாத்திரைகளில் சொல்லாமல் வயாகரா மருந்தைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு வலி, சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்து, இது மூன்றாம் வகைதானா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இடுப்புத்தளத் தசை இறுக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் பிசியோதெரபியில் நல்ல பலன் உண்டு, பலருக்கு இதை யாருமே சொல்வதில்லை. ஏற்கெனவே ஏதாவது மூலிகை சாப்பிடுகிறீர்கள் என்றால் திட்டுவாரோ என்று மறைக்காமல் டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கூடவே சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.